பழைய டர்ன்டேபிளைச் சுற்ற வைப்பது எது? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் என் வீட்டு முன்னறையில் எப்போது வந்தாலும் இரண்டு மூன்று பழைய ரெக்கார்ட் பிளேயர்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். இது எனக்குத் தொழில் இல்லை, பைத்தியம் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது, தாத்தா வாங்கி வைத்தது, வெளிநாட்டு மாமா கப்பலில் அனுப்பியது என்று யாராவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஊசி, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே அந்தத் தட்டு எப்படிச் சுற்றுகிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லப்போகிறேன், அதுவும் நம் ஊர்க் குளிர், நம் ஊர்க் கரண்ட், நம் வீட்டுப் பலகைத் தரை இவற்றை வைத்து.

ஐட்லர், பெல்ட், டைரக்ட் டிரைவ் என்கிறார்களே, மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

சைக்கிள் டைனமோ பார்த்திருப்பீர்கள். டயர் உரசி டைனமோவைச் சுற்றும். அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் ஐட்லர் டிரைவ். மோட்டார் தண்டு ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் பிளாட்டரின், அதாவது ரெக்கார்ட் உட்காரும் தட்டின், உள்விளிம்பை உரசி அதைச் சுற்றும். ரிம் டிரைவ் என்றும் சொல்வார்கள். பெல்ட் டிரைவ் என்பது மாவு மில்லில் பார்த்ததுதான், மோட்டார் ஓரமாக உட்கார்ந்திருக்க, ஒரு ரப்பர் பெல்ட் இழுக்கும். டைரக்ட் டிரைவுக்கு சீலிங் ஃபேனைச் சொல்லலாம். ஊட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கோயம்புத்தூர் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனில் மோட்டார் வேறு றெக்கை வேறு இல்லை, மோட்டாரே சுற்றுகிறது. அதே மாதிரி பிளாட்டரின் அச்சே மோட்டாரின் அச்சு.

இது வெறும் இயந்திர வித்தியாசம் மாதிரித் தோன்றும். ஆனால் காதில் விழும் வித்தியாசம் மோட்டாரின் வேகத்தில் இருக்கிறது. ஐட்லர் டேபிள்களில் (டர்ன்டேபிளைத்தான் சுருக்கமாக டேபிள் என்கிறேன்) பெரும்பாலும் நான்கு துருவ மோட்டார். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது நிமிடத்துக்கு 1500க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், அதாவது நொடிக்கு கிட்டத்தட்ட 25 அதிர்வு. 25 ஹெர்ட்ஸ் நம் காது கேட்கும் எல்லைக்குள் வருகிறது, அந்த அதிர்வு ரப்பர் சக்கரம் வழியாக நேராகத் தட்டுக்குப் போய் ஊசியில் ஏறும், பாட்டுக்கு அடியில் தூரத்து லாரி மாதிரி ஒரு உறுமல் கேட்கும். இதைத்தான் ரம்பிள் என்பது. பெல்ட் டேபிள்களில் பலவற்றில் பதினாறு துருவ சிங்க்ரனஸ் மோட்டார், கரண்டின் தாளத்தோடு பூட்டியது போலச் சுற்றுவது, அது நிமிடத்துக்கு 375 சுற்று, நொடிக்கு ஆறேகால் அதிர்வு. அது காதுக்குக் கீழே போய்விட்டது, மிச்சம் இருப்பதையும் பெல்ட் விழுங்கிவிடும். டைரக்ட் டிரைவில் மோட்டார் சுற்றுவதே எல்.பி. ரெக்கார்ட் சுற்றும் அதே வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ முறைதான், நொடிக்கு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல்.

என்னுடையது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு பிளாட்டரை இரண்டு கையாலும் நேராக மேலே தூக்குங்கள். வரவில்லை என்றால் நடுவில் ஒரு கிளிப் இருக்கும், அதைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். உள்ளே ரப்பர் சக்கரம் தெரிந்தால் ஐட்லர், பெல்ட் தெரிந்தால் பெல்ட், இரண்டும் இல்லாமல் நடுவில் செம்புச் சுருள்கள் வட்டமாகவோ ஒரு கனத்த மோட்டார் மட்டுமோ தெரிந்தால் டைரக்ட். இரண்டும் தெரிந்தால் குழம்ப வேண்டாம், சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் 1957இல் கொண்டுவந்த டிடி-124 அப்படித்தான், மோட்டாரிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து ஐட்லர். அது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

டைரக்ட் டிரைவைத் தூக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்குங்கள். ஜப்பானின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்றவற்றில் மோட்டாரின் காந்தமே பிளாட்டரின் அடியில்தான் ஒட்டியிருக்கிறது. அதை அப்படியே ஒர்க்‌ஷாப் மேஜையில் கவிழ்த்து வைத்தால் மேஜையில் இருக்கும் இரும்புத்தூள் அத்தனையும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் செல்லோ டேப் வைத்து ஒரு மத்தியானம் முழுக்க ஒற்றி எடுக்க வேண்டும். செய்திருக்கிறேன்.

எது உசத்தி?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்தின் கேரார்ட் 301 ஐம்பதுகளின் நடுவில் வந்தது, அதன் தம்பி 401 1965இல். இரண்டும் ஐட்லர், இரண்டும் வானொலி நிலையங்களில் உழைத்த ஜாதி. 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர். டர்ன்டேபிளைக் கொண்டுவந்தார்: பெல்ட், அதோடு பிளாட்டரும் ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) ஒரே சட்டத்தில் உட்கார்ந்து ஸ்பிரிங்கில் தொங்கும். பின்னால் வந்த தோரன்ஸ் டிடி-150, டிடி-160, லின் எல்பி12 எல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள். 1970இல் மட்சுஷிட்டா, அதாவது டெக்னிக்ஸ், எஸ்பி-10 என்ற டைரக்ட் டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1972இல் எஸ்எல்-1200, 1979இல் அதன் எம்கே2. எழுபதுகளின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்ததில் பாதி டைரக்ட் டிரைவ் போல இருந்தது.

சரி, என் கருத்து. நன்றாகப் பராமரித்த ஐட்லரில் தவிலும் பறையும் அடிக்கும் அடி நெஞ்சில் விழும், மோட்டாருக்கு அவ்வளவு பலம். பெல்ட்டில் வீணையின் நீண்ட கார்வை அமைதியாக வந்து அமைதியாகக் கரையும். டைரக்ட் டிரைவில் சுருதி அசையவே அசையாது, ஆனால் ஆரம்பகால மலிவு மாடல்கள் சிலவற்றில் சத்தம் கொஞ்சம் வறட்சியாகத் தோன்றும். இதையெல்லாம் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: கீழே ஆடாத கல் மேடை, அச்சில் நல்ல எண்ணெய், ஒழுங்கான ஊசி இருந்தால் மூன்றுமே நன்றாகத்தான் பாடும். மலையில் நான் பார்த்த புகார்களில் பெரும்பாலானவை டிரைவின் குறையே இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தின் குறை.

நடந்தால் ஊசி குதிக்கிறது. பிளேயர் பழுதா?

முதலில் தரையைப் பாருங்கள். பலகைத் தரையா?

இதில் நான் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா சாமான்கள் விற்றபோது ஒரு டிடி-160 வாங்கினேன், எனக்கு அது வைரம். வீட்டுக்கு வந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் போட்டு, முன்னறையில் தேக்கு அலமாரி மேல் வைத்து ஊசியை இறக்கினேன். இரண்டு நிமிடம் சொர்க்கம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் “அண்ணா, பாட்டு கேக்குதே” என்று உள்ளே ஓடி வந்தான், ஊசி பல்லவியிலிருந்து ஒரே தாவாகச் சரணத்துக்குப் போய்விட்டது. பையனைத் திட்டினேன், பாவம். தப்பு அவன் மேல் இல்லை.

விஷயம் இதுதான். பழைய மலை வீடுகளில் மரக்கட்டைகள் மேல் பலகை அடித்து, அடியில் காற்றுப் போக வெற்றிடம் விட்டிருப்பார்கள், ஈரம் ஏறாமல் இருக்க. அந்தத் தரை ஒரு பெரிய ஸ்பிரிங். நடக்கும்போது அது நொடிக்குச் சில முறை மெல்ல ஆடும். ஸ்பிரிங்கில் தொங்கும் பெல்ட் டேபிள்களின் இயல்பான ஆட்டமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில், நொடிக்கு மூன்று முதல் ஐந்து முறை. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது. சிமெண்ட் தரையில் இதே டேபிள் தேவதை மாதிரி இருக்கும், பக்கத்திலேயே நின்று குதித்தாலும் அசையாது.

தீர்வு, சுவரில் பலகை. உங்கள் வீட்டுச் சுவர் கல்லோ செங்கல்லோ என்றால் இரண்டு எல் வடிவ இரும்புத் தாங்கி அடித்து, மேலே லேசான, விறைப்பான பலகை ஒன்றைப் போட்டு டேபிளை அதில் வையுங்கள். தரை என்ன ஆட்டம் போட்டாலும் சுவர் ஆடாது. கேரார்ட், லென்கோ மாதிரி ஸ்பிரிங் இல்லாத கனமான டேபிள் என்றால் வேறு வழியும் உண்டு: ஒரு ஸ்கூட்டர் டியூபில் பாதிக் காற்று அடித்து, அதன் மேல் கடப்பா கல் துண்டு, அதன் மேல் டேபிள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஒரு துணியைச் சுற்றி மறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிரிங் டேபிளுக்கு இதைச் செய்யாதீர்கள், ஊஞ்சல் மேல் ஊஞ்சல் கட்டினது போல ஆகிவிடும். ரயில் பாதையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான், இல்லையென்றால் வண்டி போகும் நேரத்தில் டீ குடிக்கப் போய்விடலாம்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தோம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு மெதுவாக, கட்டைக் குரலில் வருகிறது. ஏன்?

வோல்டேஜை மாற்றிவிட்டீர்கள், ஃப்ரீக்வென்சியை மாற்றவில்லை. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏ.சி. மோட்டார் போட்ட ஐட்லரும் பெல்ட்டும் கரண்டின் தாளத்துக்குத்தான் சுற்றும். 60க்குச் செய்த டேபிள் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் போகும், 33⅓ என்பது 28க்கும் கீழே வந்துவிடும். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவது மாதிரி கேட்கும். பாடகி பாடகர் ஆகிவிடுவார்.

டிரான்ஸ்ஃபார்மர் கடைக்காரரால் இதைச் சரிசெய்ய முடியாது. மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்ற வேண்டும், அது கொஞ்சம் பருமனாக இருக்கும். கேரார்ட், தோரன்ஸ் போன்ற பிரபலமானவற்றுக்கு இரண்டு புல்லியும் கிடைக்கின்றன. கிடைக்காததற்குக் கோயம்புத்தூரில் நல்ல லேத் ஒர்க்‌ஷாப்பில் பித்தளையில் கடைந்து வாங்கலாம், ஆனால் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு பார்ப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகம் சரியாக வந்தாலும் புல்லி கோணலாகச் சுற்றி பாட்டு நடுங்கும். இன்னொரு வழி, தானே 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கித் தரும் மோட்டார் கன்ட்ரோலர் பெட்டி. புல்லி மாற்றும்வரை அந்த மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள், 60க்குச் செய்த மோட்டார் 50இல் கூடுதலாகச் சூடாகும்.

டைரக்ட் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. உள்ளே டி.சி. ஆக்கித்தான் எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிறது, 50 ஆனால் என்ன, 60 ஆனால் என்ன. ஜப்பானிலேயே கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60 என்று ஒரே நாட்டில் இரண்டு கரண்ட், அவர்களுக்கு இந்த வலி நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் வோல்டேஜ் 100. அதை நேராக நம் 230இல் சொருகினால் ஒரு நொடியில் வாசனை வரும். எனக்கு வந்த ஒரு நல்ல டேபிளை முதலிலேயே ஒருவர் அப்படிச் சொருகிவிட்டுத்தான் கொண்டுவந்தார், “ஒண்ணும் பண்ணலைங்க, லேசா புகைஞ்சுது” என்றார். பின்புறமோ அடியிலோ வோல்டேஜ் எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். சிலவற்றில் மாற்றும் திருகும் இருக்கும்.

லோ வோல்டேஜ், இன்வெர்ட்டர் இதெல்லாம் வேகத்தைப் பாதிக்குமா?

மழைக்காலத்தில் எங்கேயாவது சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாயும், லைட் மஞ்சளாக எரியும், அப்போதுதான் பாட்டு கேட்கவும் தோன்றும்.

சிங்க்ரனஸ் மோட்டார் போட்ட பெல்ட் டேபிள் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் கவலைப்படாது, அது ஃப்ரீக்வென்சியை மட்டும்தான் பார்க்கும். கேரார்ட், லென்கோ மாதிரி இன்டக்‌ஷன் மோட்டார் வோல்டேஜ் இறங்கினால் சற்றுத் தளரும். அதற்காகத்தான் கேரார்டில் வேகத்தைச் சின்னச் சின்னதாகத் திருத்த ஒரு திருகு, உள்ளே காந்தத்தால் பிரேக் போடும் அமைப்பு. லென்கோ எல்75இல் இன்னும் அழகு: மோட்டார் தண்டே கூம்பு வடிவம், ரப்பர் சக்கரத்தைக் கூம்பில் முன்னும் பின்னும் நகர்த்தி எந்த வேகத்தையும் பிடிக்கலாம். குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் இரண்டையும் கண்டுகொள்ளாது.

ஸ்டெபிலைசர் வோல்டேஜை மட்டும்தான் சரிசெய்யும். முன்பெல்லாம் நம் கிரிட்டின் ஃப்ரீக்வென்சியே 50க்கு நன்றாகக் கீழே இறங்கும். 48.5க்கு வந்தால் கணக்குப்படி மூன்று சதவீதம் குறைவு, பாட்டு கால் கட்டை இறங்கிவிடும். தொண்ணூறுகளில் சுருதிப் பெட்டியோடு சேர்த்துப் பாடிப் பழகியவர்கள் “இந்த ரெக்கார்டே தப்பு” என்று சண்டை போட்டதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ரெக்கார்டு தப்பில்லை. இப்போது கிரிட் 50ஐ ஒட்டியே ஓடுகிறது, அந்தத் தொல்லை போய்விட்டது.

இன்வெர்ட்டர் என்றால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. மோட்டார் வண்டு மாதிரி ரீங்காரம் போடும், சூடும் ஏறும்.

குவார்ட்ஸ் லாக் என்று முன்னால் எழுதியிருக்கிறதே, அது என்ன?

கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே சமாச்சாரம். ஒரு குவார்ட்ஸ் படிகம் பிசகாத ஒரு தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பிளாட்டர் சுற்றும் வேகத்தை அளக்க மோட்டாரிலேயே ஒரு அமைப்பு இருக்கும். இரண்டையும் ஒரு சர்க்யூட் ஒப்பிட்டுப் பார்த்து, பிந்தினால் தள்ளும், முந்தினால் பிடிக்கும். தாளம் போடும் குருவும் பாடும் சிஷ்யனும் மாதிரி, ஆனால் சிஷ்யன் ஒரு அட்சரம் தப்புவதற்கு முன்பே குரு தொடையில் தட்டிவிடுவார்.

எஸ்எல்-1200 எம்கே2க்கு டெக்னிக்ஸ் கொடுத்த வாவ்-ஃப்ளட்டர் அளவு 0.025 சதவீதம். வாவ் என்றால் சுருதி மெதுவாக அலைவது, ஃப்ளட்டர் என்றால் வேகமாக நடுங்குவது. நின்ற நிலையிலிருந்து 33⅓ஐ எட்ட 0.7 நொடி, பிட்ச் ஸ்லைடரில் எட்டு சதவீதம் மேலும் கீழும். அந்த ஸ்லைடரும் அந்த இழுப்பும்தான் அதை டி.ஜே.க்களின் கருவியாக ஆக்கியது. கடைசியில் 2010இல் தயாரிப்பை நிறுத்தி, 2016இல் புது மோட்டாரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் என்றால் கெட்டுப்போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கெடும். நாற்பது வருட கெப்பாசிட்டர்கள் வற்றிப்போகும், வேகம் திருத்தும் குமிழில் அழுக்கு ஏறி வேகம் திடீரென்று பாயும். அழுக்குக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகினால் பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தக் காலத்து மோட்டார் ஐ.சி. போய்விட்டால் கஷ்டம், சிலவற்றுக்கு மாற்றே இல்லை, செத்த இன்னொரு டேபிளிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஐட்லரை மட்டும் எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிளாட்டர் விளிம்பில் இருக்கும் புள்ளிகள் எதற்கு? எனக்கு அவை நிற்கவே மாட்டேன் என்கின்றன.

அழகுக்கு இல்லை, வேகம் பார்க்க. 50 ஹெர்ட்ஸில், புள்ளிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். வட்டத்தில் 180 புள்ளி இருந்தால் 33⅓இல் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு புள்ளி நகர்ந்து அடுத்த புள்ளியின் இடத்துக்கு வரும், அதனால் புள்ளிகள் நிற்பது போலத் தெரியும். 60 ஹெர்ட்ஸுக்கு 216 புள்ளி. உங்கள் டேபிளில் பல வரிசை இருந்தால் நீங்கள் 60இன் வரிசையைப் பார்த்துக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கலாம், முதலில் அதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது காரணம் விளக்கு. தனியாக இதே மாதிரிப் புள்ளி அச்சிட்ட அட்டை ஸ்ட்ரோப் வைத்து எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்றால் புள்ளி நிற்காது, பல எல்.இ.டி.க்கள் கரண்டின் தாளத்துக்கு மின்னுவதில்லை. சோக் போட்ட பழைய டியூப் லைட் அல்லது குண்டு பல்பு வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்றால் மொபைலில் வேகம் அளக்கும் ஆப் இருக்கிறது, போனைப் பிளாட்டர் மேல் வைத்துச் சுற்றவிட்டால் சொல்லிவிடும். போனில் கால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், என் மாமியார் ஒருமுறை அழைத்தபோது போன் சுற்றிக்கொண்டே அதிர்ந்து பறந்து கீழே விழுந்தது.

காலையில் மெதுவாகச் சுற்றுகிறது, பத்து நிமிடம் கழித்துச் சரியாகிவிடுகிறது.

குளிர். எண்ணெய் கெட்டியாகிவிட்டது. டிசம்பரில் ஊட்டித் தலைக்குந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும்போது, கார் கிளம்ப அடம்பிடிப்பது போலத்தான் இதுவும். ஐட்லரில் அதிகம் தெரியும், மோட்டாரின் இரண்டு தாங்கிகள், ஐட்லரின் அச்சு, பிளாட்டரின் அச்சு என்று எண்ணெய் இருக்கும் இடங்கள் அதிகம். பத்து நிமிடம் சும்மா சுற்றவிட்டு அப்புறம் கேளுங்கள். பத்து நிமிடத்திலும் சரியாகவில்லை என்றால் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அச்சையும் குழியையும் சுத்தமாகத் துடைத்து, புது எண்ணெய் விடுங்கள். எந்த எண்ணெய் என்று கையேடு சொன்னால் அது. இல்லையென்றால் நல்ல மெஷின் ஆயில் சில துளி. டெக்னிக்ஸ் கையேடு 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று துளி என்றுதான் சொல்கிறது, நம்மவர்கள் ஆசையில் அரை சீசா ஊற்றிவிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். சிரிக்காதீர்கள். எடப்பள்ளியிலிருந்து வந்த ஒரு கேரார்ட் சுற்றவே இல்லை, திறந்து பார்த்தால் அச்சுக் குழியில் வெள்ளையாக மெழுகு மாதிரி. “கீச் கீச்னு சத்தம் வந்துச்சு, தலைக்கு வைக்கிறதையே ரெண்டு சொட்டு விட்டேன்” என்றார் அந்தப் பாட்டி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், குன்னூரில் வருடத்தில் பாதி நாள் அது உறைந்துதான் இருக்கும். சமவெளியில் என்றால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

ஐட்லரில் சுற்றுக்கு ஒரு “டக்” கேட்கிறது.

ரப்பர் சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. வருடக்கணக்கில் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே, சக்கரம் மோட்டார் தண்டோடு அழுந்தியபடியே கிடந்திருக்கும். அதனால்தான் ஓட்டாதபோது வேகக் குமிழை நடுநிலையில் வைக்க வேண்டும். லேசான பள்ளம் என்றால் சில மணி நேரம் ஓடவிட்டாலே சரியாகலாம். ரப்பர் வெளியே பளபளவென்று வழுக்கினால் மிக நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம், கருங்கல் மாதிரி இறுகிவிட்டால் ரப்பர் மாற்றி ஒட்டித்தான் ஆக வேண்டும்.

பலர் கேட்பது: தேய்ந்து சக்கரம் சின்னதானால் வேகம் மாறாதா? மாறாது. ஐட்லர் நடுவில் நிற்கும் தரகர்தான். வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டார் தண்டின் விட்டமும் பிளாட்டர் உள்விளிம்பின் விட்டமும் மட்டும்.

பெல்ட்டுக்கு வேறு ஏதாவது ரப்பர் பேண்ட் போடலாமா?

பூ மார்க்கெட்டில் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைப் போட்டுக் கொண்டுவந்தவரும் உண்டு. போடாதீர்கள். ஐட்லருக்குச் சொன்னது பெல்ட்டுக்குப் பொருந்தாது, இங்கே பெல்ட்டின் தடிமனே வேகத்தைக் கொஞ்சம் மாற்றும், தடித்த பெல்ட் போட்டால் பாட்டு சற்று வேகமாகும். சீரில்லாத பெல்ட் என்றால் நாகஸ்வரத்தின் நீண்ட ஸ்வரம் அலையும். சரியான சுற்றளவும் தடிமனும் உள்ள பெல்ட்டை மாடல் பெயர் சொல்லி வரவழையுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. புதிதாகப் போடும்போது பெல்ட்டையும் புல்லியையும் ஆல்கஹாலால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்டால் வழுக்கும். பழைய பெல்ட் சில சமயம் தார் மாதிரி உருகிப் புல்லியில் அப்பிக்கொண்டிருக்கும், அது கையில் பட்டால் இரண்டு நாள் போகாது.

ஃபுல் ஆட்டோமேட்டிக் நல்லதா, மேனுவலா?

ஆட்டோமேட்டிக் சொகுசு. பாட்டு முடிந்து தூங்கிப்போனால் ஆர்ம் தானே எழுந்து வந்து உட்காரும், ஊசி கடைசிக் கோட்டில் விடிய விடிய தேயாது. ஆனால் பழைய இயந்திர ஆட்டோமேட்டிக்கின் அடிவயிற்றைப் பார்த்தால் நெம்புகோல், பல்சக்கரம், ஸ்பிரிங் என்று கோயில் கடிகாரம் மாதிரி இருக்கும், எல்லாவற்றிலும் நாற்பது வருட கிரீஸ். குளிரில் அந்த கிரீஸ் பசையாகி ஆர்ம் பாதி வழியில் நின்றுவிடும். உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி அழுத்தித் தள்ளாதீர்கள், பத்தில் எட்டு முறை பழைய கிரீஸை வழித்து எடுத்துப் புதிது தடவினாலே போதும். ஐந்தாறு ரெக்கார்டை அடுக்கி ஒவ்வொன்றாக விழவைக்கும் சேஞ்சர் பார்க்க வேடிக்கை, நான் அதில் ஒரே ஒரு ரெக்கார்டுதான் வைப்பேன்.

78 ரெக்கார்டும் போடலாமா?

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய ரெக்கார்டு அது, டேபிளில் அந்த வேகம் இருக்க வேண்டும். கேரார்ட், லென்கோ, டிடி-124இல் உண்டு. பிற்கால பெல்ட், டைரக்ட் டிரைவ் பலவற்றில் கிடையாது, எம்கே2விலும் இல்லை. ஊசியும் மாற வேண்டும். எல்.பி. கோட்டைவிட 78இன் கோடு மூன்று நான்கு மடங்கு அகலம், எல்.பி. ஊசி அதன் அடியில் கிடந்து புரளும், சத்தமெல்லாம் மணல் கொட்டுவது போல வரும். அப்புறம் ஒன்று, ஆல்கஹாலை எல்.பி.க்கும் பெல்ட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 78 அரக்கில் செய்தது, ஆல்கஹால் பட்டால் கரையும்.

கீழே கோயம்புத்தூருக்கு எடுத்துப்போக வேண்டும். எப்படிக் கட்டுவது?

பிளாட்டரைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். இதை விட்டுவிட்டு அனுப்பப்பட்ட ஒரு டைரக்ட் டிரைவ் எனக்கு வந்தது, பெட்டிக்குள் பிளாட்டர் குதித்துக் குதித்து அச்சை வளைத்து, மூடியையும் நொறுக்கியிருந்தது. ஆர்மின் பின்னால் இருக்கும் எடையைக் கழற்றுங்கள், ஊசி மாட்டியிருக்கும் முனையை, அதாவது ஹெட்ஷெல்லைக் கழற்றுங்கள், ஆர்மைத் தாங்கியில் நூலால் கட்டுங்கள். ஐட்லர் என்றால் குமிழ் நடுநிலையில். ஸ்பிரிங் டேபிள்களில் பயணத்துக்கென்றே இறுக்கும் திருகுகள் இருக்கும், அவற்றை இறுக்குங்கள், போய்ச் சேர்ந்ததும் தளர்த்த மறக்காதீர்கள். கோயம்புத்தூருக்கு இல்லாமல் மசினகுடி வழியாக மைசூர்ப் பக்கம் போவதாக இருந்தால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள், நான் அதில் ஒருவன்.

வாங்கப் போகிறேன், போன இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பிராண்டைக் கடைசியாகப் பாருங்கள். ஓடவிடாமல், கையால் பிளாட்டரைச் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வையுங்கள், மணல் அரைபடும் சத்தம் வரக்கூடாது. விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் டொக் டொக் என்று ஆடக்கூடாது, அச்சு தேய்ந்திருந்தால் செலவு பெரிது. ஆர்மை ஊதினால் நகர வேண்டும். ஆர்மைத் தூக்கி இறக்கும் கியூ லீவரை இறக்கினால் ஆர்ம் நிதானமாக இறங்க வேண்டும், பொத்தென்று விழுந்தால் உள்ளே சிலிக்கோன் எண்ணெய் வற்றிவிட்டது, அது சின்ன வேலைதான், பேரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பின்னால் எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதைப் போட்டோ எடுங்கள். மலை வீடுகளில் ஈரம் அதிகம், பிளாட்டருக்கு அடியில் துரு, மரச்சட்டத்தில் பூஞ்சை பாருங்கள். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், உப்பிப்போன பலகையை ஒன்றும் செய்ய முடியாது.

கையோடு ஒரு ரெக்கார்டு கொண்டுபோங்கள், வீணையோ புல்லாங்குழலோ, உங்களுக்கு மனப்பாடமானது. விற்பவர் போட்டுக் காட்டும் டப்பாங்குத்துப் பாட்டில் எந்த டேபிளும் நன்றாகத்தான் கேட்கும்.